ஜன்னலைக் கழற்றுவதற்கு முன்



சென்ற இதழில் நம் தெருத் திண்ணைகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்த பெரியவர் ஒருவர், "அடுத்து ஜன்னல்களைப் பற்றி எழுதுங்கள், இருக்கும்போதே எழுதிவிடுங்கள்" என்றார். பாதி கிண்டல், பாதி கவலை. இந்த ஆண்டில் மட்டும் நம் சங்க எல்லைக்குள் மூன்று வீடுகளில் பழைய தேக்கு ஜன்னல்கள் கழற்றப்பட்டு, வெள்ளை யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல்கள் வந்துவிட்டன. பத்து வீடுகள் சேர்ந்து கொடுத்தால் தள்ளுபடி உண்டு என்று ஒரு நிறுவனம் கொடுத்த விலைப்புள்ளி, வரும் பொதுக்குழுவில் விவாதத்துக்கு வருகிறது. கையைத் தூக்குவதற்கு முன், நம் வீட்டில் இருப்பது என்ன, எதற்காக அப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

'ஜன்னல்' போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் ஜனெலா என்றார்கள். மேசையும் சாவியும் அலமாரியும் அதே கப்பலில் வந்தவைதான். அதற்கு முன்பே நம்மிடம் 'காலதர்' என்ற சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற காலதர்கள் இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. (ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் பழைய நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததுதான். கடலுக்கு அந்தப் பக்கமும் கண்தான்!) நெடுநல்வாடையில் இன்னொரு செய்தி உண்டு. கோடையில் தென்றலைக் கொண்டுவரும் மாடத்துச் சாளரத்தை, வாடை வீசும் காலத்தில் இரட்டைக் கதவைச் சேர்த்துத் தாழிட்டு வைக்கிறார்கள். திறப்பு ஒன்றுதான், பருவத்துக்கு ஏற்ப அதைத் திறப்பதும் அடைப்பதும் கதவின் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி நம் புதுச்சேரிக்கு வருவோம். 1674இல் ஃப்ரான்சுவா மார்த்தேன் இங்கே பிரெஞ்சுக் குடியிருப்பை நிறுவினார். 1693இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1699 வரை வைத்திருந்தார்கள். நேர்நேராக வெட்டிக்கொள்ளும் நம் தெருக்களின் திட்டம் அவர்கள் காலத்தது. 1761இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து, பழைய தெருக்கோடுகளின் மேலேயே மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்த அழிவுக்குத் தப்பி நிற்கும் சொற்பக் கட்டடங்களில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை ஒன்று. கீழே தமிழ் வீடு, மேலே ஐரோப்பியத் தூண்கள். இன்று நாம் குடியிருக்கும் பழைய வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தவை. ஆனால் கலவை அதே கலவை.

டச்சுக்காரர் போட்ட கோடு ஜன்னலுக்கு முக்கியம். கிழக்கு மேற்காக ஓடும் தெரு ஒவ்வொன்றும் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று எழும்போது தெருவே காற்றுக்குக் குழாயாகிவிடுகிறது. அந்தக் குழாயிலிருந்து வீட்டுக்குள் காற்றை இழுக்கும் வாய்தான் மாடி ஜன்னல்.

தமிழ் வீட்டின் கீழ்த்தளத்தில் ஜன்னலுக்குப் பெரிய வேலை கிடையாது. வெளிச்சமும் காற்றும் முற்றத்திலிருந்து வந்தன. தெருப் பக்கம் திண்ணையை ஒட்டிய சிறிய ஜன்னல்கள், கனத்த கம்பிகளோடு, யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கும் அளவுக்கு மட்டும். மாடியில் கதையே வேறு. பிரெஞ்சுப் பாணியில் வளைவு வைத்து, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஜன்னல்கள். பல வீடுகளில் அவை தரையிலிருந்தே தொடங்கும். பிரெஞ்சுக்காரர் அதைப் பால்கனிக்குப் போகும் வழியாகப் பார்த்தார்கள். பாயில் படுத்து, தரையில் உட்கார்ந்து பழகிய நம்மவர்களுக்கு அது வேறு விதத்தில் பயன்பட்டது. படுத்திருக்கும் உயரத்திலேயே காற்று வந்தது.

இப்போது உங்கள் மாடி ஜன்னல் ஒன்றின் முன் போய் நின்று எண்ணிப் பாருங்கள். முதலில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு, சாய்ந்த பலகைகள் அடுக்கியது. லூவர் என்கிறோம். சில வீடுகளில் பலகைகளை ஒரு குச்சியால் ஏற்றி இறக்கலாம். அதற்கு உள்ளே இரும்புக் கம்பி. அதற்கும் உள்ளே, அறைப் பக்கம் திறக்கும் இன்னொரு ஜோடிக் கதவு, கண்ணாடியோ முழுப் பலகையோ வைத்தது. தலைக்கு மேல் வளைவில் தனியாக ஒரு வெண்டிலேட்டர், அதிர்ஷ்டம் இருந்தால் வண்ணக் கண்ணாடியுடன். ஆக ஒரே நிலைக்குள் நான்கு கருவிகள். ஒவ்வொன்றையும் மற்றதைத் தொடாமல் திறக்கலாம், மூடலாம்.

லூவர்ப் பலகை வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் மழைத்துளி வெளியே வழிகிறது, வெயில் பலகையிலேயே நின்றுவிடுகிறது, தெருவில் பட்டு எழும் வெளிச்சம் மட்டும் இடுக்கு வழியாக ஏறி மேல்தளத்தில் விழுகிறது. தெருவில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது. உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும். காற்றும் இடுக்கு வழியே வரும். சித்திரை வெயிலில் லூவரை மூடி உள்கதவைத் திறந்து வையுங்கள். மாலையில் கடற்காற்றுக்கு இரண்டையும் திறந்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு இரண்டையும் மூடி, வெண்டிலேட்டரை மட்டும் விட்டுவையுங்கள். நக்கீரர் பார்த்த இரட்டைக் கதவு இங்கே நாலாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1826இல் முதல் பர்மியப் போர் முடிந்து தெனாசெரிம் கரை ஆங்கிலேயர் கைக்குப் போனபின் மௌல்மெய்ன் துறைமுகத்திலிருந்து தேக்கு வங்கக்கடலைத் தாண்டி வரத் தொடங்கியது. காட்டில் மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த மரம். வைரத்தில் கரையானுக்குப் பிடிக்காத பொருள் இயற்கையாகவே இருக்கிறது, எண்ணெய்ப் பசையும் உண்டு. இன்று தோட்டத்தில் வேகமாக வளர்த்து வெட்டும் தேக்கில் வைரம் குறைவு, வெளுத்த பகுதி அதிகம். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் முதல் மரத்தை உருளையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. உங்கள் ஜன்னலில் இருக்கும் கட்டைக்குச் சமமானதைக் கடையில் வாங்க நினைத்தால், பெரும்பாலும் இன்னொரு பழைய வீட்டை இடித்த கட்டையைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

கண்ணாடியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய சட்டங்களில் சில கண்ணாடிகள் வழியே பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர் லேசாக நெளியும். வாயால் ஊதி உருளையாக்கி, நெடுக வெட்டி, சூட்டில் விரித்துத் தட்டையாக்கிய கண்ணாடி அது. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இன்றைய சமதளக் கண்ணாடியை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல்தான் அறிவித்தது. 1664இல் பிரான்சின் அமைச்சர் கொல்பேர் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். நம் ஊர் அதன் வழி வந்தது. அடுத்த ஆண்டு, 1665இல், அதே கொல்பேரின் முயற்சியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் இன்றைய செயின்ட் கோபேன். கம்பெனி வந்து போய், ஊரும் கைமாறி, 2000ஆம் ஆண்டில் அந்தக் கண்ணாடி ஆலை ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தது. யுபிவிசி ஜன்னலோ பழைய ஜன்னலோ, நாம் இப்போது புதிதாகப் போடும் கண்ணாடி அங்கிருந்து வந்ததாகவே இருக்கலாம்.

சரி, வரலாறு இருக்கட்டும், வசதி என்ன ஆனது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாற்றியவர்களிடம் கேட்டேன். ஒருவருக்குக் கொசு. ஒருவர் வீட்டில் ஏசி போட்டால் இடுக்கு வழியே குளிர் ஓடிவிடுகிறது. ஒருவருக்கு ஹாரன் சத்தம் தாங்கவில்லை. எண்பது வயது அம்மாவால் துருப்பிடித்த நீளத் தாழ்ப்பாளைத் தூக்க முடியவில்லை. பிள்ளைகள் பிரான்சில், வருடத்துக்கு ஒருமுறை வண்ணம் அடிக்க யார் ஆசாரியைத் தேடுவது? இவற்றில் எதுவும் வீம்பு கிடையாது. மரபு மரபு என்று சொல்லிக்கொண்டு இந்தக் கஷ்டங்களைத் தாங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் புதிய வீடுகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. நம்மைப் போல வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த ஊர்களில், தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு வேண்டும் என்கிறது. மற்ற எல்லாத் தட்பவெப்பத்துக்கும் சொன்னதைவிட இதுவே அதிகம். காரணம், இங்கே உடம்பைக் குளிர்விப்பது ஓடும் காற்றுதான். கீலில் திறக்கும் கதவு ஜன்னலுக்கு அதன் பரப்பில் 90 சதவீதம் திறப்பு என்றும், இரண்டு பலகை ஸ்லைடிங்குக்கு 50 சதவீதம் என்றும் அதே விதி கணக்கிடுகிறது. விதி வீடு முழுவதற்குமானது; எளிதாக ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 12க்கு 10 அடி அறை, 120 சதுர அடி. தேவை 20 சதுர அடி திறப்பு. நாலுக்கு ஐந்து அடி ஜன்னல் ஒன்று இருந்தால், பழைய கதவில் 18 கிடைக்கும். அதையே ஸ்லைடிங் ஆக்கினால் 10. சுவரை இடிக்காமலேயே அரை ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்த மாதிரி.

இதைவிடப் பெரிய இழப்பு லூவர். தெளிந்த கண்ணாடி, மேலே படும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெப்பம் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று. வெளியே நிற்கும் பலகைக் கதவு மட்டுமே வெயிலைக் கண்ணாடிக்கு முன்னாலேயே நிறுத்தும். அதைக் கழற்றிவிட்டு ஏசியின் டன்னைக் கூட்டுகிறோம்.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். நம் வீடுகள் பலவற்றில் முற்றத்தை ஷீட் போட்டு மூடிவிட்டோம். மழைச் சாரல், குரங்கு, திருட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. அதனால் முற்றம் செய்த வேலையும் இப்போது தெரு ஜன்னல்களின் தலையில் விழுந்திருக்கிறது. ஜன்னலுக்கு வேலை கூடியிருக்கும் நேரத்தில் அதைப் பாதியாகக் குறைக்கிறோம்.

கழற்றுவதிலும் சேதம் உண்டு. பழைய நிலை செங்கல், சுண்ணாம்புச் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டது. பிடுங்கும்போது பூச்சு பெயரும், மேல்வளைவுச் செங்கல் தளரும். வளைவான திறப்பில் சதுர ஜன்னல் உட்காராது. அதனால் வளைவைச் சிமெண்டால் அடைத்துச் சதுரமாக்குகிறார்கள். வெண்டிலேட்டர் போயிற்று, மேலே தங்கும் சூட்டுக்கு வெளியேற வழியும் போயிற்று. தெருவில் நின்று பார்த்தால், புருவத்துக்குக் கீழே கண்ணை மூடிவிட்ட முகம் போல இருக்கிறது.

அப்படியானால் பழைய ஜன்னலை வைத்துக்கொண்டே வசதியைக் கூட்ட முடியுமா? முடியும். குளிர்நாட்டுச் சோதனை ஒன்றைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து அரசின் மரபுக் கட்டடத் துறைக்காக நடந்த ஆய்வு, 2008இல் வெளியானது. ஒற்றைக் கண்ணாடி கொண்ட பழைய ஜன்னலில் உள்ளிருக்கும் மரக் கதவை மூடினாலே வெப்ப இழப்பு 51 சதவீதம் குறைந்தது. பழைய ஜன்னலைத் தொடாமல் உட்பக்கம் இன்னொரு கண்ணாடிச் சட்டம் சேர்த்தபோது 63 சதவீதம் குறைந்தது. அவர்கள் சூட்டைக் காக்கிறார்கள், நாம் ஏசியின் குளிரைக் காக்கிறோம். எண்கள் அப்படியே பொருந்தாது. வழி பொருந்தும்: இருப்பதை எடுக்காமல் கூடுதலாக ஒன்றைச் சேர்ப்பது.

முதலில் பழுது. மரம் எங்கே இற்றிருக்கிறது என்று ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அநேகமாகக் கீழ்ச்சட்டமும், கடைசி இரண்டு மூன்று லூவர்ப் பலகைகளும், மூலைப் பொருத்துகளும்தான் போயிருக்கும். மழைநீர் தங்குவது அங்கேதான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி, பழைய தேக்கில் ஒட்டுப்போடச் சொல்லுங்கள். முழுக் கதவையும் மாற்றச் சொல்லும் ஆசாரியிடம் இரண்டாவது கருத்துக் கேட்பது தப்பில்லை. இரும்புக் கம்பி துருவேறினால் பருத்து நிலையைப் பிளக்கும். துருவைச் சுரண்டி ப்ரைமர் அடித்தாக வேண்டும். நம் உப்புக்காற்றுக்கு இரும்புத் திருகாணி ஆகாது. பித்தளை அல்லது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். நீளத் தாழ்ப்பாளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டால் எண்பது வயது அம்மாவின் கைக்கும் அது அசையும். தூக்க முடியாதது பெரும்பாலும் துருவும் பத்துத் தடவை அடித்த எனாமலும்தான்.

பழைய வண்ணத்தைச் சுரண்டும்போது கவனம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கட்டும், முகமூடி அணியட்டும், அன்றைக்குக் குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கிறேன் என்று சொல்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பொருத்துகள் விட்டுப்போகும்.

கொசுவுக்கு, கம்பிக்கும் உள்கதவுக்கும் நடுவே மெல்லிய சட்டத்தில் வலை. அதைக் கீலிலோ காந்தப்பட்டையிலோ நிறுத்தினால் கழற்றிக் கழுவலாம். காற்று கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. லூவரின் மேல் வலையை ஆணியடிப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். ஏசி அறைக்கு, உள்கதவு நிலையில் படியும் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையோ பிரஷ் பட்டையோ ஒட்டினால் இடுக்கு அடைபடும். ஒரு மதிய வேலை. சத்தத்துக்கு உட்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். நம் சுவர்களின் பருமனில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. புதிய அடுக்குமாடிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தயவுசெய்து ஜன்னல் ஏசிக்காகக் கதவை அறுக்காதீர்கள்.

செலவு? எப்போதும் பழுதுபார்ப்பது மலிவு என்று நான் சொல்லமாட்டேன். இருபது வருடம் கவனிக்காத ஜன்னலுக்குப் புதியதன் விலையே ஆகலாம். லூவர் வேலை தெரிந்த ஆசாரிகளும் குறைந்துவிட்டார்கள். இங்கேதான் சங்கம் உதவலாம். பத்து வீடு சேர்ந்தால் நிறுவனம் தள்ளுபடி தருகிறது என்றால், பத்து வீடு சேர்ந்து ஓர் ஆசாரிக்கு இரண்டு மாத வேலையும் தரலாம். வைசியாள் வீதியில் இது நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் நகராட்சியும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து, வீட்டுக்காரர்களும் பங்கு போட்டு, தெருவின் முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. தனித்தனி வீடாகச் செய்திருந்தால் வந்திருக்காது. கடற்கரையில் மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்ததையும் நினைத்துப் பாருங்கள். பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டிவிட்டார்கள், நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது அரசுப் பணம். நம் தெருவுக்கு யாரும் அப்படிக் கட்டித்தர மாட்டார்கள்.

ஆகவே பொதுக்குழுவில் ஒன்று கேட்கப் போகிறேன். நிறுவனத்தின் விலைப்புள்ளியை மறுக்க வேண்டாம், அடுத்த காலாண்டு வரை தள்ளிவைப்போம். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல்களை எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: மொத்தம் எத்தனை, எத்தனையில் லூவர் இருக்கிறது, எத்தனை திறக்கிறது, எங்கே இற்றிருக்கிறது, உங்களுக்கு அதில் உண்மையான தொல்லை எது. கொசுவா, சத்தமா, தாழ்ப்பாளா என்று எழுதினால் போதும். படம் எடுத்து அனுப்பினாலும் சரி. ஒரே ஆசாரியை வைத்து, ஒரே ஒரு ஜன்னலை முழுதாகச் சீர்செய்து, செலவுக் கணக்கோடு எல்லோருக்கும் காட்ட ஒரு வீடு முன்வர வேண்டும். பிறகு இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்து வாக்களிப்போம்.

ஏற்கெனவே மாற்றிவிட்ட மூன்று வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கழற்றிய கதவுகள் மொட்டை மாடியில் சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். பழைய சாமான்காரருக்குப் போடுவதற்கு முன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தெருக்கோடி வீட்டில் ஒரு கதவுக்கு ஐந்து லூவர்ப் பலகைகள் தேவைப்படுகின்றன. அளவு எடுத்து வைத்திருக்கிறார்கள்.